பத்தாம் வகுப்புக்குள் பிள்ளைகளின் கை கணினியில் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருங்கல் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையும் அதோடு சேர்ந்த இ-சேவை மையமும் நடத்தி வருகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் உங்கள் மாவட்டப் பக்கத்தில் எந்தப் பள்ளி நூறு சதவீதம், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் சதம் என்று விவரமாக வரும். படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. ஆனால் அன்று காலை கடையைத் திறந்தால், சதம் எடுத்த அதே பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். தங்கள் பெயரையும் மார்க்கையும் முகவரியையும் ஒரு ஆன்லைன் படிவத்தில் தாங்களே நிரப்பத் தெரியாமல் நிற்கிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு இடம் தாருங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 9, 10ஆம் வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் இரண்டு பீரியடாவது கணினி முன் உட்கார்ந்து, நாளைக்குத் தனக்குத் தேவைப்படும் வேலைகளைத் தன் கையாலேயே செய்து பழக வேண்டும், அதற்கு மார்க்கும் இருக்க வேண்டும். இதுதான் நான் கேட்பது.

ஒரு ஜூன் மாதத்தில் வந்த பையனைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அந்தப் பாடத்தில் 95க்கு மேல் மார்க். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தை வீட்டிலேயே போனில் பாதி நிரப்பிவிட்டு, சான்றிதழ் ஏற்றும் இடத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். சாதிச் சான்றிதழைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். ஏற்றினால் ஏறவில்லை, சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது, திரும்பத் திரும்ப அழுத்துகிறான். அந்தச் சிவப்பு எழுத்தை வாசித்தாயா என்று கேட்டேன். வாசிக்கவில்லை. கோப்பு 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது.

"ஒரு எம்பி எத்தனை கேபி மக்களே?"

"1024, அக்கா." யோசிக்கவே இல்லை, டக்கென்று வந்தது பதில்.

"நீ எடுத்த படம் எவ்வளவு என்று பார்."

எப்படிப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. காட்டிக் கொடுத்தேன். 4 எம்பி. கேட்பது 200 கேபி. இருபது மடங்கு பெரிதாக இருக்கிறது என்று அவனே மனக்கணக்காகச் சொன்னான். சொல்லிவிட்டு, "அப்போ சின்னதாக்கணும், இல்லையா அக்கா?" என்றான். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அளவு குறையும், தரத்தைக் கொஞ்சம் இறக்கினால் இன்னும் குறையும், அதற்காக எழுத்து வாசிக்க முடியாத அளவுக்கு இறக்கிவிடக் கூடாது, பிடிஎஃப் ஆக்கும்போது பெயரை மாற்றிச் சேமிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மௌஸை அவன் கையிலேயே கொடுத்தேன். அடுத்த சான்றிதழை என் உதவி இல்லாமல் அவனே முடித்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 12 வருடப் பள்ளிப் படிப்பில் இந்தப் பத்து நிமிடத்தை அவனுக்கு யாரும் ஒதுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. 1024 என்பது அவனுக்கு ஒரு மதிப்பெண் வினாவுக்கான விடை. அதை வைத்து ஒரு வேலை முடிக்கலாம் என்று அவனுக்குக் காட்டியவர் இல்லை.

இதைவிடப் பெரிய தலைவலி இமெயிலும் ஓடிபியும். பெரும்பாலான பிள்ளைகளின் ஜிமெயில் முகவரி, போன் வாங்கிய கடையில் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. முகவரியே தெரியாது, பாஸ்வேர்டு எங்கே தெரியப் போகிறது? சரி, புதிதாக ஒன்று தொடங்கலாம் என்றால் எந்த போன் நம்பரைக் கொடுப்பது? அப்பா நம்பர்தான் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆதாரிலும் அதேதான். அப்பா வளைகுடாவில் இருப்பார், ஊர் சிம் கார்டு அணைந்து கிடக்கும். தூத்தூர், வள்ளவிளை பக்கத்துப் பிள்ளை என்றால் அப்பா விசைப்படகில் ஆழ்கடலில் இருப்பார். போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், நடுக்கடலில் சிக்னல் கிடையாது. இங்கே என் மேசையில் ஓடிபி கேட்டுக்கொண்டு திரை காத்திருக்கும். சில நிமிடத்தில் அது காலாவதியாகிவிடும். ஒரு அம்மா அழுதே விட்டார். கடைசித் தேதி அன்றைக்கு.

இப்படி வருபவர்களில் பலர், "பாஸ்வேர்டை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் இருந்தால் தொலைந்துவிடும்" என்கிறார்கள். நான் வைத்துக்கொள்வதில்லை. ஒரு தாளில் எழுதி அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, வீட்டில் மார்க் லிஸ்ட் இருக்கும் பையில் வைக்கச் சொல்வேன். ஆனால் ஊர் முழுக்க எத்தனை கடைகளின் நோட்டுப் புத்தகத்தில் எத்தனை பிள்ளைகளின் கணக்குகள் கிடக்கின்றன என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. கல்விக் கடன், உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரு இமெயிலோடும் ஒரு நம்பரோடும் கட்டப்பட்டிருக்கின்றன. 18 வயதில் தன் சாவி வேறு யாரிடமோ இருப்பது ஒரு பிள்ளைக்கு நல்லதில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் என் கடைக்கு வருமானம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். சான்றிதழ் வேலை எப்போதும் இருக்கும், வயதானவர்கள் வருவார்கள், எனக்குப் பிழைப்பு நடக்கும். பள்ளிப் பிள்ளையின் இயலாமையில் வரும் காசு எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. இது கணினி தெரிவதைவிட, வாசித்துப் புரிந்துகொள்வதைப் பற்றியது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் முழுக்க ஆன்லைன். விருப்பமான கல்லூரிகளை வரிசைப்படுத்தி நாமே பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். நம் ரேங்க்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைத் தந்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை ஒதுக்கீட்டு ஆணையை பிரிண்ட் எடுக்க வந்தாள். முகத்தில் சுரத்தே இல்லை. நெல்லை அரசு பொறியியல் கல்லூரி கிடைக்கும் என்று எதிர்பார்த்த பிள்ளை. "நிச்சயம் கிடைப்பதை முதலில் போடு" என்று யாரோ சொல்ல, வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலில் போட்டு, நெல்லையை அதற்குக் கீழே வைத்திருக்கிறாள். முதலில் போட்டதே கிடைத்துவிட்டது. மேலே உள்ள விருப்பத்துக்கு மாறக் காத்திருக்கலாம் என்ற வாய்ப்பும் அவளுக்கு உதவாது. ஏனென்றால் அவள் பட்டியலில் அதற்கு மேலே எதுவுமே இல்லை. அவளைவிடக் கீழே ரேங்க் வாங்கியவர்களுக்கு நெல்லை கிடைத்ததைப் பிறகு பார்த்தாள்.

விதிமுறைகள் எல்லாம் அந்த இணையதளத்திலேயே இருந்தன. தமிழில் விளக்கமும் இருந்தது. ஒரு அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாக வாசிக்க வேண்டும், புரியாததை யாரோ சொன்னார்கள் என்று விடாமல் மூலத்திலேயே போய்த் தேட வேண்டும் என்ற பழக்கம்தான் அந்தப் பிள்ளையிடம் இல்லை. அந்தப் பழக்கத்தை ஒரு பாடமாக வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியும். அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, "கடைசித் தேதி எது? கட்டணம் யாருக்கு எவ்வளவு? எந்தச் சான்றிதழ் கட்டாயம், எது இருந்தால் போதும்?" என்று பத்தாம் வகுப்புத் தேர்விலேயே கேட்கலாமே.

பாடப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 9ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கணினி ஓர் அறிமுகம், கணினியின் பாகங்கள், வன்பொருளும் மென்பொருளும் என்று பாடங்கள் உண்டு. 10ஆம் வகுப்பில் காட்சித் தொடர்பு என்ற பாடம் வருகிறது. கோப்பு, கோப்புத் தொகுப்பு, ஸ்கிராட்ச் என்ற எளிய நிரல் மென்பொருள் எல்லாம் அதில் இருக்கின்றன. என் மகளின் புத்தகத்தில் வாசித்தேன், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் புத்தகத்தின் கடைசிப் பாடம் அது. ஒளியியல், மின்னியல், மரபியல் எல்லாம் முடித்து அங்கே வரும்போது திருப்புதல் தேர்வு வந்துவிடும். பொதுத்தேர்வுக்கு அதிலிருந்து வரக்கூடிய ஒன்றிரண்டு வினாக்களுக்கு விடையை எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அறிவியல் ஆசிரியரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் தலையில் எத்தனை சுமை!

ஹைடெக் லேப் வந்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் நல்ல இயந்திரங்கள், இணைய இணைப்பு, புரொஜக்டர் என்று செலவு செய்திருக்கிறார்கள். கடைக்கு வரும் பிள்ளைகளிடம் விசாரிப்பது என் வழக்கம். "லேப்புக்குப் போவீர்களா?" என்றால், "ஆன்லைன் டெஸ்ட் இருந்தால் கூட்டிப் போவார்கள்" என்கிறார்கள். திரையில் வரும் நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்கிவிட்டு வருகிறார்கள். ஒரு கோப்பைத் திறந்து, நாலு வரி எழுதி, பெயர் வைத்துச் சேமித்து, மறுவாரம் அதே கோப்பைத் தேடி எடுத்து மேலே எழுதியதாக ஒரு பிள்ளையும் எனக்குச் சொன்னதில்லை. பூட்டிக் கிடக்கும் அறையில் கடற்கரைக் காற்றின் உப்பும் எலியும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும். தினமும் கை பட்டால் இயந்திரமும் நன்றாக இருக்கும்.

ரப்பர் பால்வெட்டப் பழகுகிறவனை விடியற்காலையில் மரத்தடிக்குத்தான் கூட்டிப் போவார்கள். பட்டையில் கத்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்று கை சொல்லித்தான் தெரியும். கணினியையும் அப்படித்தான் பழக்க வேண்டும்.

களியக்காவிளை தாண்டினால் வேறு காட்சி. நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருக்கிறது, அதனால் இதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கினார்கள். 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஐசிடி என்ற தகவல் தொழில்நுட்பப் பாடநூல், பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு எஸ்எஸ்எல்சியில் ஐடி ஒரு கட்டாயப் பாடம், 50 மதிப்பெண். தேர்வு நாளில் பிள்ளை கணினி முன் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். பாறசாலையில் இருக்கும் என் நாத்தனார் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கும்போதே மெயில் மெர்ஜ் செய்தாள். ஒரே கடிதத்தை நூறு பெயருக்கு நூறு முகவரியோடு தானாக அச்சடிக்கும் வேலை அது. அவள் அம்மாவின் சுய உதவிக் குழுவுக்கு அழைப்புக் கடிதங்களை அவளே போட்டுக் கொடுத்தாள். நம் பக்கம் பட்டப்படிப்பு முடித்து வேலைக்குப் போனவர்களே என்னிடம் வந்து ஒவ்வொரு பெயராக மாற்றி மாற்றி அச்செடுக்கிறார்கள். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்றும் அங்கே பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அங்கே குறைகள் இருக்கலாம். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு மாநிலம் இதை விடாமல் செய்து வருகிறது, அதுவும் நம் பக்கத்து வீட்டில். நம் அதிகாரிகள் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

என்ன சொல்லிக் கொடுப்பது? பெரிய பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். நம் ஊரிலேயே பாடம் கொட்டிக் கிடக்கிறது. உங்கள் நாளிதழில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டம் வருகிறது. பேச்சிப்பாறை முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. ஜூன் முதல் தேதியிலிருந்து ஒரு வகுப்பே அந்த எண்களைத் தினமும் எக்செல் மாதிரியான அட்டவணையில் ஏற்றட்டும். மாதக் கடைசியில் கோட்டுப் படம் வரையட்டும். மழை பெய்த நாளில் கோடு எப்படி ஏறுகிறது, கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் எப்படி இறங்குகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். ஒரு நாள் 43.5 என்பதற்குப் பதிலாக 435 என்று தவறாக அடித்துவிட்டால் கோடு கூரையைத் தொடும். தரவைச் சரிபார்ப்பது என்றால் என்ன என்று அந்த ஒரு தவறு சொல்லிக் கொடுத்துவிடும். குலசேகரம் பக்கத்துப் பள்ளி என்றால் ரப்பர் விலை. ரப்பர் வாரியத்தின் இணையதளத்தில் நாளுக்கு நாள் விலை போடுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் அந்த விலையைப் பற்றித்தான் பேச்சு. தோட்டத்தில் கிடைக்கும் ஷீட்டின் எடையையும் அந்த விலையையும் பெருக்கி, கூலி போக என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினால், அந்தப் பிள்ளையின் அப்பாவே பக்கத்தில் வந்து உட்காருவார்.

தெருவிளக்கு எரியாதது பற்றிப் பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம். தமிழில், கணினியில் அடித்து, போட்டோவை இணைத்து, இமெயிலில் அனுப்ப வேண்டும். கடிதத்தில் தேதி, பொருள், இடம் சரியாக இருக்க வேண்டும். தமிழ் தட்டச்சு என்பது நம் பிள்ளைகளிடம் அநேகமாக இல்லவே இல்லை. தமிழ்99 விசைப்பலகையை நம் அரசே 1999இல் தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் ஒரு பக்கம், மெய்யெழுத்துகள் ஒரு பக்கம் என்று அமைந்த, பழக எளிதான பலகை. சில வாரம் பழகினால் விரல் தானாக ஓடும். போனில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைக்கும் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு பக்கக் கட்டுரை அடிக்கச் சொன்னால் திணறுகிறது. தமிழ் வழியில் படித்து, தமிழில் நூற்றுக்கு 98 வாங்கிய பிள்ளை, தன் தமிழைக் கணினியில் எழுத முடியாமல் என் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து டைப் செய்து வாங்குகிறது.

கணினியைப் பழகுவதைவிடவும் எனக்குக் கவலை தருவது தகவலை எடைபோடத் தெரியாத நிலைதான். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பத்மநாபபுரம் அரண்மனை பற்றி பிராஜெக்ட் அச்செடுக்க வந்தான். ஏதோ ஒரு ஏஐ செயலியிடம் கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறான். முதல் பத்தியிலேயே அரண்மனை கேரள மாநிலத்தில் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. பையன் தக்கலையில் படிக்கிறவன். அந்த அரண்மனைக்குத் திரும்பும் சாலையைத் தினமும் கடந்துதான் பள்ளிக்குப் போகிறான். "நீ போகிற வழியில்தானே மக்களே இருக்கிறது, அது கேரளமா?" என்று கேட்டேன். "அதில் அப்படித்தான் போட்டிருக்கு அக்கா" என்றான். தன் கண்ணால் பார்ப்பதைவிடத் திரையில் வருவது பெரிதாகிவிட்டது. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அதனால் குழப்பம் வந்திருக்கலாம் என்று சொல்லி, கேரளத் தொல்லியல் துறையின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான் இருந்தது என்றதும் அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. அவனே திருத்தி எழுதினான். ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது வந்துவிட்டது. அது சொல்வதை வேறு இரண்டு இடத்தில் ஒத்துப் பார்க்கும் பழக்கத்தை 14 வயதில் கொடுத்தே ஆக வேண்டும்.

கடற்கரை மாவட்டத்தில் இது உயிர் விஷயமும்கூட. 2017 ஒக்கி புயலை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வந்த நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாவற்றையும் நம்பி, பிறகு பொய் என்று தெரிந்து, கடற்கரைக் கிராமங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல், அதாவது திடீரென்று பொங்கி வரும் பேரலை பற்றி, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. இறந்துபோன பிள்ளைகளை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது, இந்த மாவட்டத்தில் பிறந்த எத்தனை பிள்ளைகளுக்கு இன்காய்ஸ் பக்கத்தைத் திறந்து இன்றைக்கு அலை உயரம் எவ்வளவு, காற்றின் வேகம் எவ்வளவு என்று பார்க்கத் தெரியும்? இரயுமன்துறையிலும் குளச்சலிலும் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்காவது இதை ஒரு பாடமாகவே வைக்கலாம். வானிலை எச்சரிக்கை யார் வெளியிட்டது, எந்தத் தேதி, எந்தக் கடற்பகுதிக்கு என்று மூன்றையும் பார்த்த பிறகு அடுத்தவருக்கு அனுப்பு என்று பழக்கலாம்.

பணம் பறிபோகும் கதைகளை எழுதினால் பக்கம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் வரும். கல்வித் துறையிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது என்று பிள்ளையின் பெயர், பள்ளி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். ஒரு கியூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்கள். பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, நாம் அனுப்புவதற்குத்தான் தேவை. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் என் கடைக்கு ஓடி வந்த அந்தத் தாயின் சீட்டுப் பணம் போயிருக்காது. பக்கத்தில் பத்தாம் வகுப்பு மகன் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் பின் நம்பரைப் போட்டிருக்கிறார். பணம் போனதும் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதும் இருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் அந்த வீட்டுக்கே காவல் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால்தானே காவல் நிற்கும்!

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுப்பது, போனில் புகுந்து விளையாடுகிறார்களே" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ரீல்ஸ் தள்ளத் தெரிவதும் ஒரு படிவத்தை முழுமையாக நிரப்பத் தெரிவதும் வேறு வேறு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு மடிக்கணினி வந்தது. நல்ல திட்டம், அதை வைத்து முன்னேறியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கையில் கொடுத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்காததால், படம் பார்த்து பாட்டரி போய் அலமாரியில் கிடப்பவையும் உண்டு. வீட்டில் ஒரு கணினி இருந்தால் அது அண்ணனுக்கு அல்லது தம்பிக்கு, பெண்பிள்ளைக்கு அப்புறம்தான் என்ற வழக்கமும் இன்னும் போகவில்லை. பள்ளியில் பீரியட் இருந்தால் அவளுக்கும் ஒரு நாற்காலி நிச்சயம்.

ஆசிரியர் எங்கே என்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து பிஎட்டும் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனவர்கள். என் கடைக்கே வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். 2012இல் அரசுப் பள்ளிகளில் நியமித்த பகுதிநேர ஆசிரியர்களிலும் கணினி ஆசிரியர்கள் உண்டு. அவர்களைப் புள்ளிவிவரம் ஏற்றும் அலுவலக வேலைக்குப் பயன்படுத்தாமல் பிள்ளைகளிடம் விடுங்கள்.

மார்க் இல்லாமல் இது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். மார்க் இல்லாத பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிவிடுவார், உடற்கல்வி பீரியடுக்கு நடப்பது போல. அதற்கும் வழி இருக்கிறது. 10ஆம் வகுப்பு அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறைக்கு. சோதனைக் குழாயைக் குலுக்குவதோடு ஒரு செய்முறையைக் கணினியிலும் வைக்கலாம். பிள்ளையிடம் ஒரு சான்றிதழையும் ஒரு அறிவிப்பையும் கொடுத்து, குறிப்பிட்ட அளவுக்குள் ஸ்கேன் செய்து, சரியான பெயர் வைத்து, சரியான முகவரிக்கு இமெயில் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து மார்க் போதும். அந்த ஐந்துக்காக மாவட்டம் முழுக்க லேப் கதவுகள் திறக்கும்.

பாடத்திட்டம் சென்னையில் மாற வேண்டிய விஷயம், நாளாகும். அதுவரை நம் மாவட்ட நிர்வாகமும் கல்வி அலுவலகமும் தாங்களாகவே ஒன்றைச் செய்யலாம். 9ஆம் வகுப்புக்கு வாரம் ஒரு நாள் கடைசி இரண்டு பீரியட் லேப் என்று இந்தக் கல்வியாண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பலாம். எங்களைப் போல இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு ஜூன், ஜூலையில்தான் நிற்க நேரமிருக்காது. ஆகஸ்டுக்குப் பிறகு மதியத்தில் ஓரளவு ஓய்வு உண்டு. எந்தப் பிழைக்காக ஒரு விண்ணப்பம் திரும்பி வரும், இனிஷியல் ஆதாரில் முன்னாலும் மார்க் லிஸ்டில் பின்னாலும் இருந்தால் என்ன ஆகும், போட்டோ வரும் இடத்தில் கையெழுத்தை ஏற்றிவிட்டால் எப்படி மாற்றுவது என்பதெல்லாம் எங்களுக்குத்தான் அத்துப்படி. கருங்கல் வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் கட்டணமில்லாமல் வந்து சொல்லிக் கொடுக்க நான் தயார். என்னோடு வர இன்னும் சில மையக்காரர்களும் சம்மதித்திருக்கிறார்கள். தலைமையாசிரியர்கள் ஒரு மதியத்தையும் லேப் சாவியையும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.